ஒரு பீடம், இரு கூடங்கள்

தலைநகர்வாழ் தமிழர்க்கு மந்திர் மார்க் அயலிடமன்று. பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்த நாள்முதல் அவ்வீதி நம் வாழ்வோடு கலந்துவிட்டது. ரீடிங் ரோடு என முன்னாளில் வழங்கிய அச்சாலையில் வழிபாட்டிடங்கள் பல உள. எச்சாதியார்க்கும் கதவு அடைபடலாகாது என்னும் நிபந்தனையோடுதான் காந்தியடிகள் 1939இல் பிர்லா மந்திரைத் திறந்துவைத்தார். அங்குள்ள வால்மீகி கோயிலில், துப்புரவுப் பணியாளர் குடியிருப்பின் நடுவே, 1946-47இல் அவர் தங்கினார். வால்டர் ஜார்ஜ் என்னும் கட்டடக் கலைஞர் செங்கல்லால் வடிவமைத்த புனித தோமையார் ஆலயமும் அவ்வீதியிலேயே உள்ளது. 1930களின் தொடக்கத்தில் அஃது எழுந்ததும் பெரும்பாலும் துப்புரவுத் தொழில் செய்த கிறித்தவ மக்களுக்காகவே.

இம்மூன்றையும் கடக்குந்தோறும் என் நெஞ்சம் நெல்லைச் சீமையின் தென்கோடியிலுள்ள வடக்கன்குளத்துக்குச் சென்றுவிடும். எங்கள் பக்கத்துச் சிற்றூர் அது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிறித்தவம் வேரூன்றிய ஊர். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நீலகண்டன், 1745 மே 14இல் அங்கே திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அரசின் சினத்துக்கு ஆளாகி, 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் உயிர்நீத்தார். 2022 மே 15இல் ரோமில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பெயர் இடம்பெறவில்லை.

ஆயின், அவர் திருமுழுக்குப் பெற்ற அதே ஊரில், 1870களில் எழுந்த திருக்குடும்ப ஆலயம் இரு கூடங்களாகக் கட்டப்பட்டது. இரண்டும் சந்திக்கும் முனையில் பீடம். ஒரு கூடத்தில் பிள்ளைமாரும் முதலியாரும். மறு கூடத்தில் நாடார் முதலானோர். பூசை ஒன்றே, ஆனால் கண்டவர் ஒருவரையொருவர் காணார். 1910இல் அத்தடுப்பு அகற்றப்பட்டது. பிரிவினை தங்கள் உரிமை என்று ஒரு சாரார் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. அவர்தம் கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை.

தில்லியில் பிறந்த என் மகளுக்கு இவ்வரலாற்றைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவள், "அப்பா, நாம் சுவருக்கு எந்தப் பக்கம் இருந்தோம்?" என்றாள். புனிதரின் பெருமையைச் சொல்லிமுடித்த நாவுக்கு இவ்வினாவின் விடை எளிதில் எழவில்லை. எனினும் மறைக்காது சொன்னேன். "அப்படியானால் அந்தப் பக்கம் இருந்தவர்களின் கதையையும் சொல்லுங்கள்" என்றாள்.

அன்பர்களே! ஊர்ப் பெருமையை ஈராயிரம் கல்லுக்கு அப்பால் சுமந்துவந்தவர் நாம். அப்பெருமையோடு பழஞ்சுவரின் கல்லொன்றும் நம் பெட்டிக்குள் வந்திருக்கலாம். திருமணப் பேச்சு எழுகையில் அது வெளிப்படுவதை இந்நகரிலும் காண்கிறோம். திருமுழுக்கின் ஆண்டைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம்; சுவர் எழுந்ததையும் வீழ்ந்ததையும் உடன் கற்பிப்போம். வழிவழி வந்த செல்வம் என்பது இவ்விரண்டும் சேர்ந்ததே.