முப்பத்தாறாயிரப்படி

புத்தகத்துக்கு அதன் நீளத்தையே பெயராக வைத்தவர்கள் நம் வைணவ உரைகாரர்கள். நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு ஐந்து பழைய உரைகள்: ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, ஈடு முப்பத்தாறாயிரப்படி. ஒரு படி என்றால் 32 எழுத்து, ஒற்றெழுத்தை எண்ணமாட்டார்கள். ஆறாயிரம் விஷ்ணு புராணத்தின் அளவு, இருபத்துநாலாயிரம் ராமாயணத்தின் அளவு என்று ஒரு கணக்கும் உண்டு. மூலம் 1,102 பாசுரம்தான். ஈட்டின் கணக்குப்படி பாசுரம் ஒன்றுக்குச் சராசரியாக ஆயிரம் எழுத்துக்கு மேல் வருகிறது. அரிசி மண்டிக்காரர்போல இப்படி அளந்து வைத்திருக்கிறார்களே என்று சிரிப்பு வந்துதான் நான் இந்த உரைகளின் பக்கம் போனேன். பு.ரா. புருஷோத்தம நாயுடு வடமொழி கலந்த மணிப்பிரவாள நடையை உடைத்துச் செய்த ஈட்டின் தமிழாக்கம் இல்லாவிட்டால் வாசலிலேயே திரும்பியிருப்பேன்.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது ஈடு அல்ல, ஒன்பதினாயிரப்படி. அதன் ஆசிரியர் நஞ்சீயர். அவர் எழுதியது அது அல்ல என்பதுதான் வேடிக்கை.

குருபரம்பரைக் கதை இது. நஞ்சீயர் உரையை எழுதி முடித்தார். நல்ல கையெழுத்தில் ஒரு பிரதி வேண்டும். நம்பூரிலிருந்து வந்த வரதராசன் என்ற இளைஞரைச் சிலர் காட்டினார்கள். நஞ்சீயர் உரை முழுவதையும் அவருக்கு ஒருமுறை சொல்லிவைத்து, இருந்த ஒரே சுவடியையும் கையில் கொடுத்தார். ஊருக்குப் போய் எழுதிவருகிறேன் என்று வரதராசன் கிளம்பினார். நடுவில் காவிரி. சுவடியைத் தலையில் கட்டிக்கொண்டு நீந்தினார். ஓர் அலை வந்து சுவடியைக் கொண்டுபோய்விட்டது. அவர் மட்டும் கரையேறினார்.

இனி என்ன செய்வது? திரும்பிப் போய்க் காலில் விழுவது ஒரு வழி. அவர் ஊருக்குப் போய் உட்கார்ந்து, கேட்டதை நினைவிலிருந்து எழுத ஆரம்பித்தார். தமிழில் ஆழ்ந்த படிப்பு உள்ளவர். எழுத எழுத, இந்த இடத்தில் இப்படியும் சொல்லலாமே என்று தோன்றியதையெல்லாம் சேர்த்துக்கொண்டே போனார். முடித்துக் கொண்டுவந்து ஆசிரியர் கையில் வைத்தார்.

நஞ்சீயர் ஏடுகளைப் புரட்டும் அந்தக் காட்சியில் நான் ரொம்ப நேரம் நின்றுவிடுவேன். தன் புத்தகம்தான், ஆனால் நடுநடுவே தான் சொல்லாதது இருக்கிறது. தன்னுடையதைவிட நன்றாகவும் இருக்கிறது. எழுதுகிறவர்களுக்குத் தெரியும், இதைவிடக் கொடுமையான அனுபவம் இல்லை. என்ன நடந்தது என்று கேட்டார். வெள்ளத்தின் கதை வெளியே வந்தது. நஞ்சீயர் அவரை அணைத்துக்கொண்டு ‘நம் பிள்ளை’ என்றாராம். பிறகு அதுவே அவர் பெயராயிற்று. சேர்த்ததை அடித்துவிடு என்று ஆசிரியர் சொல்லவில்லை. இன்று நம்மிடம் இருக்கும் ஒன்பதினாயிரத்தில் எது நஞ்சீயர், எது நம்பிள்ளை என்று பிரிக்க வழியும் இல்லை. பதிப்பாசிரியர்கள் இதைக் கேட்டால் மயங்கி விழுவார்கள்.

மார்கழி பிறந்தால் தொலைக்காட்சியில் இரண்டு வகை ஆட்களைப் பார்க்கிறேன். ஒருவர், எழுத்தில் உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும், ஒரு புள்ளிகூட நகராது என்கிறார். இன்னொருவர், ஆண்டாள் என் மனசுக்கு இப்படித்தான் பேசுகிறாள் என்று சொல்லி முடித்துவிடுகிறார். மனசு என்று சொன்ன பிறகு யார் வாதாட முடியும்? இரண்டு பேரிடமும் எனக்கு ஒரே எரிச்சல்தான். இரண்டு பேரும் அடுத்தவர் வாயை மூடத்தான் அதைச் சொல்கிறார்கள். பழைய உரைகளில் யார் வாயும் மூடவில்லை. தம் ஆசிரியர் பட்டரிடம் நஞ்சீயர் கேட்கிறார், நஞ்சீயரிடம் நம்பிள்ளை கேட்கிறார். இது இன்னார் சொன்ன பொருள் என்று பெயரோடு பதிவாகிறது. பட்டர் ஒன்று சொல்ல, வேறொருவர் வேறொன்று சொல்ல, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

இத்தனைக்கும் சண்டை இல்லாமல் இல்லை. ராமானுசர் திருவாய்மொழியைப் பாடம் கேட்டது திருமாலையாண்டானிடம். இரண்டாம் பத்தில் ஒரு பாசுரம். அறியாப் பருவத்திலேயே தன்மேல் அன்பை உண்டாக்கிவிட்டு, பிறகு இந்த உடம்போடு கலந்து வைத்துவிட்டாயே என்று ஆழ்வார் நொந்துகொள்வதாக ஆண்டான் பொருள் சொன்னார். ராமானுசர் ஒத்துக்கொள்ளவில்லை. முன்னும் பின்னும் உள்ள பாசுரங்களெல்லாம் களிப்பில் பாடியவை, நடுவில் ஒன்று மட்டும் எப்படி அழும்? சொற்களை மாற்றிக் கூட்டினார்: உடம்பின் மயக்கத்தில் கிடந்த அறியாக் காலத்திலேயே எனக்கு அன்பைக் கொடுத்தாயே! புலம்பல் நன்றியாகிவிட்டது. என் ஆசிரியர் ஆளவந்தாரிடம் நான் இப்படிக் கேட்டதில்லை, இது நீராக உண்டாக்கிய விசுவாமித்திர சிருஷ்டி என்று சொல்லி ஆண்டான் பாடத்தையே நிறுத்திவிட்டார். கடைசியில் ஆளவந்தாரின் இன்னொரு சீடரான திருக்கோட்டியூர் நம்பி வந்து, இந்தப் பொருளையும் ஆளவந்தாரிடம் கேட்டிருக்கிறேன் என்று சமாதானம் செய்தார். உண்மையிலேயே கேட்டிருந்தாரா, பாடம் தொடரட்டும் என்று சொன்னாரா என்ற குறும்புச் சந்தேகம் எனக்கு உண்டு.

பாடம் தொடர்ந்தது, ராமானுசர் அடங்கவில்லை. சில இடங்களில், ஆளவந்தார் இப்படிச் சொல்லியிருக்கமாட்டார் என்பாராம். ஆளவந்தாரை நீர் கண்டதே இல்லையே, உமக்கு எப்படித் தெரியும் என்று ஆண்டான் கேட்க, நான் அவருக்கு ஏகலவ்யன் என்றாராம். சொந்தப் பொருளுக்கு இவ்வளவு துணிச்சலான வாதத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் அதையும் ஆசிரியர் முகத்துக்கு நேரே, திட்டு வாங்கும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டுதான் சொல்லியிருக்கிறார்.

திட்டுக்குக் குறைவே இல்லை. நடுவில் திருவீதிப் பிள்ளை பட்டர் என்ற நம்பிள்ளையின் சீடர் 1,25,000 படியில் ஓர் உரை எழுதிக்கொண்டு வந்தார். பாரதத்தின் அளவு, 40 லட்சம் எழுத்து. நம்பிள்ளை அதைக் கறையானுக்குக் கொடுத்துவிட்டாராம். காவிரியில் சுவடி போன பிறகு தான் சேர்த்தது நினைவிருந்ததா, தெரியவில்லை. பின்னால் வந்த மணவாள மாமுனிகள், தன் நெஞ்சில் தோன்றியதைச் சொல்லிவிட்டு அதுவே பரம்பரையாக வந்த சுத்தமான உபதேசம் என்பவர்களை மூர்க்கர் என்றே எழுதிவிட்டார். நெஞ்சில் தோன்றியதைவிட, அதற்குத் தாத்தா பெயர் வைப்பதுதான் அவரை உறுத்தியிருக்கும் என்று படித்துக்கொள்கிறேன். பரம்பரையாகப் பாடம் கேட்டவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்வது சுலபம், குறுகலான புத்தி என்று ஒரு நினைப்பு நமக்கு. ராமானுசரின் சீடர் அனந்தாழ்வானைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. திருவரங்கத்துச் சபையில் ராமானுசர், திருவேங்கடத்துப் பூக்களைப் பற்றிய பாசுரத்துக்குப் பொருள் சொல்லிக்கொண்டு வந்தவர், அங்கே போய்ப் பூத்தொண்டு செய்ய யார் தயார் என்று கேட்டார். மலை, குளிர், காடு. சபை பேசாமல் இருந்தது. கொல்லாமை முதல் பூ என்று தொடங்கி எட்டுப் பண்புகளையே எட்டுப் பூக்களாகச் சொல்லும் மரபு இருக்கிறது. பூ என்றால் மனப்பூ என்று உட்பொருள் சொல்லிவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். அனந்தாழ்வான் எழுந்தார். மலைக்குப் போய் நந்தவனம் போட்டார், ஏரி வெட்டினார். பூ என்றால் அவருக்குப் பூதான்.

அதே மனுஷர்தான், ஏரி வெட்டும்போது கர்ப்பிணி மனைவிக்கு மண் சுமந்து உதவ வந்த சிறுவனை விரட்டியவரும். குரு எனக்கு இட்ட வேலை, இதில் பிறர் கை படக்கூடாது. சிறுவன் கேட்காமல் திருட்டுத்தனமாக உதவினான். கடப்பாரை பறந்து மோவாயில் பட்டது. கோயிலுக்குள் பெருமாளின் மோவாயில் ரத்தம். இன்றும் அந்த இடத்தில் பச்சைக்கற்பூரம் சாத்துகிறார்கள்; கடப்பாரை மகாத்துவாரத்தில், உள்ளே நுழையும்போது வலப்பக்கச் சுவரில் தொங்குகிறது. கூட்டம் தள்ளிக்கொண்டு போவதால் பெரும்பாலோர் அதைப் பார்ப்பதில்லை.