ஆளைப் பார்த்துப் பாட்டுக் கொடுத்தேன்

எண்பதுகளின் நடுவிலிருந்து தொண்ணூறுகளின் கடைசி வரை ஈரோட்டில், பன்னீர்செல்வம் பூங்காவை ஒட்டிய சந்து ஒன்றில், கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை நடத்தினேன். ரெக்கார்டிங் சென்டர் என்றால்தான் அந்தக் காலத்து ஆட்களுக்குப் புரியும். அந்தக் கடையில் நான் பல வருடம் செய்த தவறு ஒன்றை எழுதியாக வேண்டும். வந்தவர் கேட்ட பாட்டை அப்படியே கொடுக்கும் வழக்கம் எனக்கு இருக்கவில்லை. அவர் என்ன வேலை செய்கிறார், என்ன உடுத்தியிருக்கிறார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று பார்ப்பேன். இவருக்கு இதுதான் பிடிக்கும் என்று நானே முடிவு கட்டுவேன். அதையே பதிந்து கொடுப்பேன். இளையராஜா விஷயத்தில்தான் இதை அதிகமாகச் செய்தேன்.

சினிமாப் பாட்டை உரிமையாளரைக் கேட்காமல் நகலெடுத்து விற்றதே சட்டப்படி தப்பு. இசையமைத்தவருக்கும் எழுதியவருக்கும் அதில் ஒரு பைசா போகவில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இத்தனை வருடம் கழித்தும் என்னை உறுத்துவது அது இல்லை.

தொழில் நடந்த விதத்தைச் சொன்னால்தான் தவறு விளங்கும். வாடிக்கையாளர் வெற்றுக் கேசட்டோடு வருவார், அல்லது என்னிடமே வாங்குவார். வேண்டிய பாட்டுகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். அறுபது நிமிடக் கேசட் என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று பாட்டு பிடிக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் எல்.பி. ரிக்கார்டைத் தேடி எடுத்து, துடைத்து, முள்ளை வைத்து, அது ஓடி முடியும் வரை காத்திருக்க வேண்டும். இந்த வேலைக்குச் சோம்பல்பட்டு, கிராமத்துப் பாட்டு, காதல் பாட்டு, சோகப் பாட்டு, கர்நாடக சங்கீதச் சாயல் உள்ள பாட்டு என்று நாலைந்து மூலக் கேசட்டுகளைத் தயாராக வைத்திருந்தேன். இரட்டை டெக்கில் போட்டு வேகமாக ஓடவிட்டால் பாதி நேரத்தில் நகல் ஆகிவிடும். சீட்டில் எழுதியிருந்த பாட்டில் நாலைந்து மட்டும் இருந்தாலும் போதும் என்று அதையே கொடுத்துவிடுவேன். கேட்டால் "மத்தது ரிக்கார்டு தேஞ்சுபோச்சுங்க" என்பேன். எனக்குச் சோம்பல் இருந்தது உண்மை. ஆனால் சோம்பலுக்கு ஆளைத் தரம் பிரிக்கத் தெரியாது. அதைச் செய்தது என் கர்வம்.

எங்கள் ஊரில் யாரெல்லாம் இளையராஜாவைக் கேட்டார்கள் என்பதை அந்தக் கடையில் உட்கார்ந்து நேரில் பார்த்தவன் நான். வீரப்பன்சத்திரத்து விசைத்தறிக்காரர்கள் சம்பள நாளன்று வருவார்கள். பொங்கல் முடிந்து மஞ்சள் மண்டிக்கு வரும் விவசாயிகள், மஞ்சள் விற்ற காசில் டேப் ரிக்கார்டர் வாங்கி, அந்தப் பெட்டியோடு நேராகக் கடைக்கு வருவார்கள். திங்கட்கிழமை இரவு ஜவுளிச் சந்தைக்கு வரும் ஆந்திர வியாபாரிகள் 'சலங்கை ஒலி'யைத் தெலுங்கில் கேட்பார்கள், கேரள வியாபாரிகள் அவர் மலையாளத்தில் போட்டதைக் கேட்பார்கள். ரயில்வே காலனியில் கிட்டார் வாசிக்கும் ஆங்கிலோ இந்தியர் ஒருவருக்குத் தமிழ் அரைகுறைதான். 'மூடுபனி'யின் கிட்டாருக்காகவே வருவார். பங்குனியில் பெரிய மாரியம்மன் திருவிழாவுக்குக் கம்பம் நட்டுவிட்டால் மைக் செட்காரர்கள் கடையிலேயே பழியாகக் கிடப்பார்கள். சென்னிமலை நெசவாளி, பவானி ஜமுக்காளம் நெய்கிறவர், தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர், வங்கி அதிகாரி, வக்கீல், பாட்டு வாத்தியார் அம்மா என எல்லோருக்கும் ஒருவரேதான் ராஜா. வேறெந்த இசையமைப்பாளருக்கும் இப்படிப்பட்ட கூட்டம் என் கடையில் நின்றதில்லை.

அந்தக் கூட்டத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. நான் கொஞ்சம் ராகம் தெரிந்தவன். 'சிந்து பைரவி'யையும் 'ராஜபார்வை'யையும் நுணுக்கமாகக் கேட்கிறவன் என்று நினைப்பு. நான் கேட்கும் ராஜாவும் தறிக்காரர் கேட்கும் ராஜாவும் ஒருவராக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் அவரை இரண்டாக வெட்டினேன். ஒன்றைக் கண்ணாடி அலமாரியில் வைத்தேன், மற்றதைக் கல்லாவுக்கு முன்னால் வைத்தேன்.

1986-ல் 'ஹவ் டு நேம் இட்' வந்தது. பாட்டே இல்லாத வாத்திய இசை. தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாஹுக்கும் சமர்ப்பணம் செய்து போட்டது. வி.எஸ். நரசிம்மன் வயலின் வாசித்திருப்பார். அதை நான் பொக்கிஷம் மாதிரி வைத்திருந்தேன். ஒரு நாள் வீரப்பன்சத்திரத்திலிருந்து தறி ஓட்டும் தம்பி ஒருவர் வந்து அதைப் பதிந்து கேட்டார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. "அது உங்களுக்கு ஆகாதுங்க. அதுல பாட்டே இருக்காது, வெறும் வயலினுங்க" என்றேன். "தெரியுமுங்ணா, அதுதான் வேணும்" என்றார். ரிக்கார்டு என் அலமாரியில் இருக்கும்போதே, இல்லை என்று பொய் சொன்னேன். அன்று 'முதல் மரியாதை'யைப் பதிந்துகொண்டு போனார்.

சில மாதம் கழித்து அவர் திரும்ப வந்தார். கோயம்புத்தூரில் யாரிடமோ 'ஹவ் டு நேம் இட்' கேசட்டை வாங்கியிருந்தார். ஓடி ஓடி நாடா நைந்துபோனதால் அதிலிருந்து ஒரு நகல் எடுத்துத் தரச் சொன்னார். இதில் அப்படி என்ன பிடித்தது என்று கேட்டேன். மரியாதையாகக் கேட்கவில்லை, சோதிக்கிற மாதிரி கேட்டேன். அவர் சொன்னது இது: "தறி ஓடற சத்தத்துல பாட்டுன்னா வார்த்தை காணாமப் போயிருமுங்ணா. என்ன பாடுறாங்கன்னே தெரியாது. இது வெறும் வாத்தியமுங்க. வார்த்தை இல்லீன்னா தொலையறதுக்கும் ஒண்ணுமில்லீங்களே."

எந்த சங்கீத விமர்சகரும் சொல்லாத காரணம் அது. அவர் வேலை செய்யும் இடத்திலிருந்து, அவர் காதிலிருந்து வந்த காரணம். அதைக் கேட்டு நான் திருந்தினேன் என்று எழுத ஆசைதான். திருந்தவில்லை. காசை வாங்கிக்கொண்டு நகல் எடுத்துக் கொடுத்தேன். இவர் ஏதோ விதிவிலக்கு என்று நினைத்துக்கொண்டேன். அலமாரியில் அந்த ரிக்கார்டு அப்போதும் இருந்தது. அதைக் காட்டி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

எதிர்ப்பக்கமும் இதையேதான் செய்தேன். 1989-ல் 'கரகாட்டக்காரன்' வந்தபோது, சிறுமிகளுக்குப் பாட்டுச் சொல்லித் தரும் வயதான அம்மா ஒருவர் அந்தப் படத்துப் பாட்டு முழுவதையும் கேட்டார். பேத்திக்காக இருக்கும் என்று நினைத்தேன். "உங்களுக்கு வேற போட்டு வெக்கறனுங்க அம்மா" என்று சொல்லி, கேசட்டின் ஒரு பக்கம் முழுக்கக் கர்நாடக ராகப் பாட்டுகளை நிரப்பிக் கொடுத்தேன். அவர் மறுநாளே கேசட்டைத் திருப்பிக் கொண்டு வந்தார். "நான் மதுரைப் பக்கம் நையாண்டி மேளம் கேட்டு வளந்தவ. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து அது காதுல விழலை. கேட்டதைக் குடுங்க" என்றார். அவர் வீட்டிலும் வகுப்பிலும் கேட்க முடியாத மேளத்துக்கு அவருக்கு இருந்த ஒரே வழி என் கடை. அந்த வழியையும் மரியாதை என்ற பெயரில் நான் அடைக்கப் பார்த்தேன்.

வேலையையும் உடையையும் பார்த்தேன் என்று இதுவரை எழுதியது பாதி உண்மை. எங்கள் பக்கத்தில் ஒருவரை "எந்தத் தெரு" என்று கேட்டால் எதைக் கேட்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். நானும் அதைத்தான் கேட்டேன். திருவிழாவில் கம்பத்தைச் சுற்றிப் பறை அடித்து ஆடும் பையன்கள் வந்தால், அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே தாளக்கட்டுப் பாட்டுக் கேசட்டை எடுத்து வைத்துவிடுவேன். அவர்களில் ஒருவன் சீட்டில் 'சிந்து பைரவி' என்று எழுதியிருந்தான். அந்தச் சீட்டைத் திருப்பி மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். அவன் ஒன்றும் சொல்லாமல் நான் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனான். என் மனசாட்சியில் இன்றைக்கும் எல்லாவற்றையும்விடக் கனமாக இருப்பது அந்தச் சீட்டுதான்.

நான் வெட்டிப் பிரித்த அந்த இசையே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டுதான் இருந்தது. 1985-ல் வந்த 'சிந்து பைரவி'யில் சித்ரா பாடும் பாட்டை நினைத்துப் பாருங்கள். கர்நாடக மேடையில் நாட்டுப்பாட்டாகத் தொடங்கி, இழை அறுபடாமல் தியாகராஜர் கீர்த்தனையில் போய்ச் சேரும். இரண்டும் ஒரே சாரமதி ராகம். இளையராஜாவுக்கும் சித்ராவுக்கும் அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. நான் இருவேறு அலமாரியில் வைத்ததை அவர் ஒரே பாட்டில் வைத்திருந்தார். 1991 தீபாவளிக்கு வந்த 'தளபதி'யில், கூட்டமே ஆடும் பாட்டுக்கு நடுவில் அப்பரின் தேவாரம் வரும். 2002-ல் பிபிசி உலக சேவை தன் 70-ஆம் ஆண்டையொட்டி நடத்திய வாக்கெடுப்பில், உலகெங்கும் உள்ளவர்கள் வாக்களித்து அந்தப் பாட்டை நான்காம் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1985-ல் வந்த 'ஸ்ரீ ராகவேந்திரர்' ஒரு மகானின் கதை. அதில் வந்த பாட்டு ஒன்றை 2003-ல் அமெரிக்க ஹிப்ஹாப் குழுவான பிளாக் ஐட் பீஸ் எடுத்துப் பயன்படுத்தியது. பக்திப் படத்துப் பாட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் வரை போயிருக்கிறது. வீரப்பன்சத்திரம் போகக் கூடாது என்று நான் தடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் யோசித்தேன், அதுதான் என்னை உடைத்தது. பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு ஆர்மோனியம் தூக்கிக்கொண்டு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடித் திரிந்த ராசையா என்ற பையன்தான் இளையராஜா. பிறகு சென்னைக்குப் போய், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றுக்கொண்டார். 1976-ல் 'அன்னக்கிளி' மூலம் இசையமைப்பாளரானார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய சிம்பொனியை அரங்கேற்றியது. அந்த ராசையா தன் பதினெட்டு வயதில், மேடைக் களைப்போடு, புழுதிக் காலோடு என் கடைக்கு வந்து பாஹ் கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? எனக்குப் பதில் தெரியும். இல்லை என்று சொல்லி, ஒரு தெம்மாங்குக் கேசட்டைக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

கடையை மூடிப் பல வருடம் ஆன பிறகுதான் இது முழுசாக உறைத்தது. கைபேசி வந்து, பாட்டுக்காக யாரும் யார் முன்னாலும் நிற்க வேண்டாம் என்று ஆன பிறகு, பவானி பஸ்ஸில் பக்கத்து இருக்கைக் காதுகளில் என்ன ஓடுகிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன். இளநீர் விற்கிறவர் ராஜாவின் 'நத்திங் பட் விண்ட்' புல்லாங்குழல் கேட்டுக்கொண்டு வருகிறார். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திய அதிகாரி குத்துப்பாட்டுக்குத் தொடையில் தாளம் போடுகிறார். நடுவில் நின்று பிரித்துக் கொடுக்க ஆள் இல்லாதபோது ரசனை தன் போக்கில் போகிறது. அது அப்போதும் அப்படித்தான் போயிருக்கும். நான்தான் குறுக்கே நின்றேன்.

அன்றைக்கு ஒரு தறித் தொழிலாளிக்குக் கேசட் என்பது சம்பளத்தில் ஒரு பங்கு. வீட்டில் மொத்தமே ஐந்தாறு கேசட்தான் இருக்கும். அதில் ஒன்றை நான் மாற்றிக் கொடுத்தேன் என்றால், அந்த வீட்டில் வருடக்கணக்காக ஒலித்ததில் ஒரு பகுதியை நான் தீர்மானித்தேன் என்று அர்த்தம். அந்த வீட்டுக் குழந்தை ஒன்று வயலின் கேட்டு வளர்ந்திருக்கலாம், வளராமல் போயிருக்கும். இதற்கு ஈடு செய்ய என்னிடம் வழியில்லை. சீட்டைக் கவிழ்த்து வைத்தபோது வாய் பேசாமல் போன அந்தப் பையன் இதைப் படித்தால், செய்தது தவறு என்று நான் ஒப்புக்கொண்டதை அறியட்டும்.

நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவர்களுக்கும், பாட்டு வகுப்பு நடத்துகிறவர்களுக்கும், கோயில் திருவிழாவில் மேளத்துக்கும் கச்சேரிக்கும் ஏற்பாடு செய்கிறவர்களுக்கும், பிள்ளைகளுக்கு எது புரியும் என்று முன்கூட்டியே முடிவு செய்யும் பெற்றோருக்கும் ஒன்று சொல்கிறேன். ஒருவர் ஒன்றைக் கேட்டு உங்கள் முன் வந்தால், அவர் முகத்தைப் பார்த்து வேறொன்றை எடுக்காதீர்கள். கேட்டதைக் கொடுங்கள்.