நெல்மணிக் கணக்கின் பூர்விகம்

சதுரங்கத்தைக் கண்டுபிடித்த பண்டிதர் ஒருவர், முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் இரட்டித்துக் கேட்டு அரசனுடைய களஞ்சியத்தையே காலியாக்கிய கதையை, திண்ணையில் என் பாட்டனார் சொல்லக் கேட்ட நாள் தொட்டு, 18446744073709551615 என்ற அந்த இருபது ஸ்தான எண் நம் தேசத்துச் சொத்து என்றே நம்பியிருந்தேன். அம்பலப்புழைப் பால்பாயசத்துக்கும் இதே கணக்கைத்தானே காரணமாகச் சொல்கிறார்கள்!

அதன் பூர்விகத்தைத் தேடப் புகுந்தபோதோ, ஏடுகள் என்னை அரபு மொழி நூல்களிடம் கொண்டுபோய் விட்டன. இந்திய அரசனையும் ஸிஸ்ஸா என்ற பண்டிதரையும் வைத்து இக்கதையை 13-ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தவர் இப்னு கல்லிகான். அங்கே நெல்லுக்குப் பதில் கோதுமை. அவருக்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் முன்னரே, 1000-ஆம் ஆண்டை ஒட்டி, அல்பெரூனி இக்கணக்கைப் போட்டு முடித்துவிட்டார். காசிக் கோயிலில் 64 பொன் தட்டுகளைக் கம்பத்துக்குக் கம்பம் மாற்றும் அர்ச்சகர்களின் கதை (மாற்ற வேண்டிய தடவைகளும் இதே எண்தான்) 1883-இல் பிரெஞ்சுக் கணித சாஸ்திரி எதுவார் லூக்கா வெளியிட்ட விளையாட்டுப் பெட்டியின் பின்னால் வந்தது. எனக்குச் சற்று ஏமாற்றந்தான்.

ஆகவே கதையை விட்டு எண்ணைப் பிடித்தேன். அல்பெரூனி கட்டம் கட்டமாக நடக்காமல், வர்க்கம் எடுத்தே தாவியவர். 2-இன் வர்க்கம் 4, அதன் வர்க்கம் 16, பின்பு 256, 65536, 4294967296. இன்னும் ஒரு தாவலில், விடைக்கு ஒன்றே ஒன்று மிகுதியான எண் வந்து நிற்கிறது. காகிதத்தில் இதை எழுதியவன், ஏதோ ஒரு சபலத்தால், கடைசித் தாவலுக்கு முந்திய ஆறு எண்களோடும் ஒவ்வொன்று கூட்டினேன்: 3, 5, 17, 257, 65537, 4294967297. இவை ஆறையும் பெருக்கினால், ஒரு மணி கூடாமலும் குறையாமலும் பண்டிதருடைய நெல் முழுவதும் வந்துவிடுகிறது!

இவ்வரிசையில் வருவன யாவும் பகா எண்களே என்று 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா நம்பியிருந்தார். முதல் ஐந்தும் அவர் மானத்தைக் காத்தன. ஆறாவது 641-ஆல் மீதியின்றி வகுபடுவதை 1732-இல் ஆய்லர் வெளிப்படுத்தினார். அதனை வகுக்கக்கூடிய பகா எண் எதுவாயினும், 64-ஆல் வகுத்தால் மீதி ஒன்று தர வேண்டும் என்பது அவர் பிற்பாடு விளக்கிய நியாயம். அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு 193, 257, 449, 577 ஆகியவற்றைத் தள்ளினால், ஐந்தாவதாகவே 641 அகப்பட்டுவிடுகிறது. ஒரு மேதையின் பிழை இந்த நெற்குவியலுக்குள் கிடக்கிறது என்று பாட்டனார் அறிந்திருக்க நியாயமில்லை; அறிந்திருந்தால், அரசனை விட்டுவிட்டு இதையல்லவா சொல்லியிருப்பார்!

ஐயமுள்ள வாசகர்கள், அந்த ஆறாவது எண்ணை 641-ஆல் வகுத்தால் வரும் 6700417-ஐ மறுபடி 641-ஆல் தாமே பெருக்கிப் பார்க்கலாம்; மூன்று வரிகளில் முடிந்துவிடும்.