மோட்டார் நின்ற பிறகு

வாட்டர் சர்வீஸுக்கு வேலை கேட்டு வருகிற தம்பிகள் எல்லோரும் "கன் பிடிக்கத் தெரியும்ணே" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நாமக்கல்லில் லாரிக்கா பஞ்சம்? அதனால் கன் பிடித்துப் பழகாத பையனே இந்தப் பக்கம் இல்லை. நான் அதைப் பார்ப்பதில்லை. மோட்டாரை நிறுத்திய பிறகு அவன் என்ன செய்கிறான் என்றுதான் பார்ப்பேன். ஸ்விட்சை அணைத்ததும் கன்னைத் தரையில் போட்டுவிட்டு டீக்குக் கிளம்பினால், அவன் இன்னும் வேலை கற்கவேண்டியவன். தண்ணீர் வால்வை மூடி, முனையை ஆளில்லாத பக்கம் திருப்பி, விசையை அழுத்தி, ஹோஸுக்குள் தேங்கியது 'புஸ்' என்று வடிந்தபின் லாக் போடுகிறவனை அன்றைக்கே சேர்த்துக்கொள்ளலாம். மோட்டார் நின்றாலும் ஹோஸில் பிரஷர் நிற்கும். அது தெரியாமல் நாசிலைக் கழற்றப் போகிற கைதான் அடிபடுகிறது.

எங்கள் தொழிலில் மோசமான சொல் "தண்ணிதானே" என்பதுதான். பழைய பெல்ட் பம்புகள் 30, 40 பாரில் அடிக்கும். இப்போது வரும் மெஷின்கள் சாதாரணமாக 150 பாரைத் தொடுகின்றன. கார் டயருக்குள் இருக்கும் காற்றே 2 பார் சொச்சம்தான். 150 பாரில் முனையை விட்டுக் கிளம்பும் தண்ணீரின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர். மனிதத் தோலைத் துளைக்க 7 பாரே போதும். இது தெரிந்தால், சேற்றுக் காலைக் கன்னாலேயே கழுவிக்கொள்ளும் பழக்கத்தை எவனும் தொடரமாட்டான். செருப்பும் வெறுங்காலுமாக நிற்பதும் அதே ரகம். கம்பூட்ஸ் கால் நனையாமல் இருக்க மட்டும் இல்லை.

இதில் கெட்ட விஷயம், பட்ட காயம் காயமாகவே தெரியாது. முள் குத்தியதுபோல் ஒரு புள்ளி இருக்கும், ரத்தமும் அதிகம் வராது, ஆரம்பத்தில் வலியும் குறைவு. ஆனால் சேஸிஸில் இருந்த கிரீஸ், டீசல், கோழி வண்டியாக இருந்தால் எச்சம் எல்லாம் தண்ணீரோடு சேர்ந்து விரலுக்குள் நரம்பு ஓடும் வழியாகப் பரவியிருக்கும். சில மணி நேரத்தில் கை வீங்கும். மஞ்சள் வைத்து, பிளாஸ்திரி ஒட்டிவிட்டு மறுநாள் பார்க்கலாம் என்று இருந்தால் விரலையே எடுக்கும்படி ஆகிவிடலாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். போனதும் "குத்திருச்சு" என்று சொல்லக்கூடாது. "பிரஷர் கன் தண்ணி உள்ளே போயிருச்சு" என்று சொல்லவேண்டும். புள்ளியை மட்டும் பார்த்தால் யாருக்கும் அது சின்னக் காயமாகத்தான் தோன்றும். உள்ளே கிழித்துச் சுத்தம் செய்யவேண்டியதா என்று முடிவெடுக்க அந்த ஒரு வாக்கியம் வேண்டும்.

ஹோஸுக்கு வருகிறேன். மேல் ரப்பர் தேய்ந்து உள்ளே கம்பிப் பின்னல் தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. அதற்கு மேல் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கட்டி ஓட்டும் கெட்டிக்காரத்தனம் ஊருக்கு ஊர் உண்டு. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்ப்பது அதைவிட மோசம். அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தால் போதும், ஓட்டை தானே காட்டிக்கொடுக்கும். விசையைக் கயிற்றால் கட்டி வைப்பதும் கூடாது. கை நழுவினால் கன் அடிபட்ட பாம்பாகத் துள்ளும். நிமிடத்துக்கு 15 லிட்டர் தள்ளும் மெஷின், 150 பாரில், பிடித்திருக்கும் ஆளை நாலு கிலோ சொச்சம் எடையளவுக்குப் பின்னால் தள்ளுகிறது. தரையில் நின்றால் அது பெரிதில்லை. ஈர ஏணியில், லாரி மேல்தட்டில் நின்றால் தெரியும். உயரத்துக்கு நீளக் குழாய் போட்டுக் கீழிருந்தே அடிப்பதுதான் சரி.

நாசிலில் சிவப்பு ஒற்றைக் கோடாக அடிப்பது. அது என் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. வண்டிக்குப் பச்சையும் வெள்ளையும் போதும். டயர் பக்கவாட்டில் ஓரடிக்குக் கிட்டே போனால் ரப்பர் உள்ளுக்குள் அறுபடும்; அது வெடிப்பது நம் ஷெட்டில் இல்லை, நெடுஞ்சாலையில்.

கரண்ட் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஈரத்தில் நிற்கிறவனுக்கே தெரியும். எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி.யும் இல்லாத ஷெட்டில் நான் கன்னைத் தொடமாட்டேன். இ.எல்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதை ஓரங்கட்டி நேர் லைன் கொடுக்கும் எலக்ட்ரீஷியனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அது விழுவதற்குக் காரணம் இருக்கும். பெல்ட்டுக்கு மூடி இல்லாத பம்புப் பக்கம் துண்டும் லுங்கியுமாகப் போவதும் கூடாது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள்தான் எனக்குப் பயம். விடிய விடிய வரிசை நிற்கும், பையன்கள் தூக்கமில்லாமல் அடிப்பார்கள், கண்ணாடி போடச் சொன்னால் "பனி படியுதுண்ணே" என்பார்கள். மட்கார்டிலிருந்து தெறிக்கும் கல்லுக்கு அது புரியாது. ஓட்டுநர் அண்ணன்மாரிடம் ஒரு விண்ணப்பம்: வண்டிக்குக் கட்டை போட்டு, சாவியைக் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்காருங்கள். "அங்கே கொஞ்சம் அடி தம்பி" என்று விரலை நீட்டிக்கொண்டு தண்ணீருக்குக் குறுக்கே மட்டும் வராதீர்கள்.