'டிஸ்டர்ப்' என்று எழுதினார்... சீட்டை மாற்றிவிட்டார்கள்!

அந்தப் பெண்ணுக்கு வயது 24. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். வேலை, சென்னை ஓ.எம்.ஆரில். இரவு பதினொன்றரைக்கும் டீம் லீடரிடமிருந்து வாட்ஸ்அப் வரும். 'சாப்டியா?', 'டிபி சூப்பர்', 'ஏன் ரிப்ளை இல்ல?' பதில் போடாவிட்டால் மறுநாள் அந்த ஆள் பின்னால் வந்து, அவருடைய நாற்காலியில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பான். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஹெச்.ஆருக்கு ஆங்கிலத்தில் மெயில் அனுப்பினார். இரண்டே வரி. 'என் டீம் லீடர் என்னை டிஸ்டர்ப் செய்கிறார். நடவடிக்கை எடுக்கவும்.'

எடுத்தார்கள். அவருடைய சீட்டை ஜன்னல் ஓரத்துக்கு மாற்றினார்கள். கூடவே ஓர் ஆலோசனை... கவனம் சிதறாமல் இருக்க ஹெட்போன் போட்டுக்கொள்ளலாமே!

அன்றிரவு ஹாஸ்டலில் அழுதுகொண்டே போனை நீட்டினார். அறைத்தோழி ஒரு பள்ளியில் ஆங்கில டீச்சர். ஆறு வயது மூத்தவர்.

"ஏன்டி டிஸ்டர்ப்னு எழுதின?"

"தொந்தரவு பண்றான்னா வேற எப்படிக்கா எழுதறது?"

சிக்கலே அங்கேதான். தமிழில் தூக்கத்தைக் கெடுக்கும் கொசுவும் தொந்தரவு, பின்னாலேயே வருகிறவனும் தொந்தரவு. சொல்கிற பெண்ணின் குரலை வைத்தே நமக்குப் புரிந்துவிடும். மெயிலில் குரல் ஏது? ஆங்கிலத்தில் டிஸ்டர்ப் என்றால் பெரும்பாலும் வேலையையோ அமைதியையோ கலைப்பது. ஹோட்டல் கதவில் தொங்குகிற அட்டை சொல்வதும் அதைத்தான். ஆனாலும் ஹெச்.ஆர் கூப்பிட்டு, 'என்னம்மா செய்கிறார்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்!

டீச்சர் அக்கா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "லேசா எரிச்சல் வந்தா அனாய். அதையே திரும்பத் திரும்பச் செஞ்சா இரிடேட். நீ கோபப்படணும்னே சீண்டினா ப்ரொவோக். ஏற்கெனவே இருக்குற பிரச்னையைப் பெருசாக்கினா அக்ரவேட்." நம் வாயில் இத்தனைக்கும் ஒரே வார்த்தை, 'டென்ஷன் பண்றான்!'

"அப்ப டீஸ்னு போடலாமாக்கா?"

"அதை மட்டும் போட்டுடாதே!"

டீஸ் என்பது பழைய ஆங்கிலத்தில் கம்பளி இழையைப் பிரித்தெடுப்பது. பிறகு கேலி, கிண்டல் என்றானது. அந்த விளையாட்டுச் சொல்லைத்தான் நம் நாட்டில் பெண்களைத் துரத்துவதற்கும் வைத்தார்கள். 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவியின் உயிரே போன பிறகு தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலும் 'ஈவ் டீஸிங்' இருந்தது. 2002-ல்தான் அதை எடுத்துவிட்டு 'ஹராஸ்மென்ட்' என்று மாற்றினார்கள்.

ஹராஸ், பிரெஞ்சிலிருந்து வந்த சொல். வேட்டை நாயை ஏவிவிடும் கூச்சலிலிருந்து பிறந்திருக்கலாம் என்கிறார்கள். விடாமல் விரட்டுவது அதிலேயே இருக்கிறது. அந்தப் பெண் அதை நோட்டில் மூன்று முறை எழுதிப் பார்த்தார். ஒரு 'ஆர்', இரண்டு 'எஸ்'.

புது மெயில், ஹெச்.ஆருக்கு அல்ல, உள் புகார் குழுவுக்கு. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் அலுவலகத்தில் இந்தக் குழு இருந்தாக வேண்டும் என்கிறது 2013-ம் ஆண்டுச் சட்டம். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். நாள் இருந்தது. எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன மெசேஜ் என்று வரிசையாகப் போட்டு, ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்தார். 'அன்வெல்கம்' என்ற சொல்லை அக்கா சேர்க்கச் சொன்னார். விரும்பாத, வேண்டாத நடத்தை என்று பொருள். சட்டத்திலேயே இருக்கிற சொல் அது.

மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் ஹெச்.ஆரிலிருந்து போன்.

"இதை ஏம்மா முதல்லயே சொல்லல?"

"சொன்னேன் மேடம்" என்றார் அவர்.