மலைக்குச் செல்லும் காலுறைகள்

பாலக்காட்டுக் கடைத்தெருவில் கம்பளி நூல் எங்கே கிடைக்கும் என்று வினவினால், வினவியவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டே விடை சொல்வார்கள். அதில் வியப்பொன்றும் இல்லை. வடக்கே நீலமலைத் தொடரும் தெற்கே ஆனைமலைத் தொடரும் விலகி நிற்க, இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் திறந்து கிடக்கும் கணவாயில் அமைந்த ஊர் இது. பங்குனி, சித்திரைத் திங்கள்களில் வெயில் 40 பாகையை எட்டுவதும் உண்டு. இங்கே விசிறிக்கு வேலை உண்டு. கம்பளிக்கு என்ன வேலை?

நம் சங்கத்து அன்பர்களுக்கு அதை விளக்க வேண்டுவதில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, அதுபோல நம்மில் பல குடும்பங்களுக்கு ஒரு கால் சமவெளியிலும் மற்றொரு கால் இடுக்கி மாவட்டத்து மலைமேலும் இருக்கிறது. பாட்டன் பாட்டி காலத்தில் நெல்லைச் சீமையின் கரிசல் காட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஏறியவர்கள். அவர்தம் பேரப்பிள்ளைகளுள் சிலர் நாலெழுத்துப் படித்து, வேலை கிடைத்து, இறங்கி வந்தவர்கள். நம் வீடும் அத்தகையதே. நம் மனைவியார் மூணாற்றை அடுத்த ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். நாமோ முன்னர் ஒலவக்கோடு என்று வழங்கிய பாலக்காடு சந்திப்பில் சரக்குக் கணக்கு எழுதும் எழுத்தர். ஆடி பிறந்தால் மார்கழி வரை நம் குடியிருப்பில் பின்னல் ஊசிகளுக்கு ஓய்வில்லை. "நெற்றியிலே வியர்வை சொட்டுகிறது, மடியிலே கம்பளியா, அக்கா!" என்று அண்டை வீட்டு அம்மையார் நகைப்பார். மனைவியார் தலைநிமிராமல் கண்ணிகளை எண்ணிக்கொண்டிருப்பார். எண்ணும்போது பேசினால் கணக்குத் தவறிவிடும்.

மலைக்குச் செல்ல நமக்கு உகந்தது பொள்ளாச்சி வழி. பாலக்காடு - பொள்ளாச்சி இருப்புப்பாதை 1932-இல் மீட்டர் பாதையாகத் திறக்கப்பெற்றது; அகலப்பாதையாகி மீண்டும் வண்டி ஓடத் தொடங்கியது 2015-இல். கொல்லங்கோட்டுப் பக்கத்து வயல்களையும், அவற்றுக்குப் பின்னே சுவர்போல் எழும் மலையையும் பார்த்தவாறே பொள்ளாச்சியில் இறங்கி, உடுமலைப்பேட்டை சென்று, மூணாற்றுப் பேருந்தில் ஏறுவோம். சின்னாற்றுச் சோதனைச்சாவடி வரை குளிரின் சுவடே தெரியாது. மலையின் மழைமறைவுப் பக்கம் அது. முள்மரமும் கள்ளியும் கருகிய புல்லுமாகக் கிடக்கும். மறையூரில் சந்தனக் காட்டையும், கரும்புப்பால் காய்ச்சும் கொட்டகைகளின் புகையையும் கடந்தபின்தான் காற்று மாறும். பேருந்தில் இருப்போர் ஒவ்வொருவராகப் பையைத் திறந்து குல்லாயும் சால்வையும் எடுப்பதைக் கொண்டே எந்த வளைவுக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். அப்பால் இரு மருங்கும் தேயிலை. தென்னிந்தியாவின் உயர்ந்த கொடுமுடியான ஆனைமுடி, 2,695 மீட்டர், முகில் விலகினால் தென்படும். இராஜமலைத் திருப்பம் வந்ததும் பேச்சு தானே தணிந்துவிடும். அதற்கு உள்ளே இருக்கும் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு லயங்கள் மண்ணில் புதைந்தபோது 70 பேரை இழந்தோம். பெரும்பாலோர் நம் தமிழ் மக்கள்.

இரயில்வேக்காரன் மூணாற்றைப் பற்றி எழுதிவிட்டு இரயிலைச் சொல்லாமல் விடுவது முறையன்று. மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே டாப் ஸ்டேஷன் வரை 1908 முதல் ஒரு குறும்பாதை இரயில் ஓடிற்று. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி தேயிலைப் பெட்டிகள் போடிப் பக்கத்துக் கொட்டகுடிக்கு இறங்கும். கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இருப்புப்பாதையை வாரிக்கொண்டு போயிற்று. மறுபடி எவரும் போடவில்லை. போகட்டும், நாம் காலுறைக்கு வருவோம்.

மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். சுற்றியுள்ள தோட்டங்கள் பல அதனினும் உயர்ந்தவை. மார்கழி, தையில் சில விடியல்களில் வெப்பம் பூச்சியத்துக்கும் கீழே இறங்கும். புல்வெளி உப்புக் கொட்டினாற்போல் வெளுத்திருக்கும். வெயில் பட்டவுடன் அந்த உறைபனி தாக்கிய கொழுந்தெல்லாம் கருகும். சுற்றுலா வந்தவர்கள் அதைக் கண்டு களித்துப் படம் எடுப்பார்கள். அதே வேளையில் லயத்தின் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்று அடுப்பு மூட்டுபவரின் பாதத்தை அவர்கள் காண்பதில்லை. உடம்பைப் போர்வையால் மூடலாம். தலைக்குத் துண்டு கட்டலாம். பாதம் சில்லிட்டுவிட்டால் உறக்கம் வாராது என்பதை நாம் முதன்முதல் அங்கே மாமனார் வீட்டில் தங்கிய இரவில்தான் அறிந்தோம். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், குடை, கம்பளிப் போர்வை, மழைச்சட்டை முதலியவற்றைத் தொழிலாளருக்கு வழங்குமாறு விதிகள் செய்ய மாநில அரசுகளுக்கு இடமளித்தது. அந்தப் பட்டியலில் காலுறைக்குப் பெயர் இல்லை.

கடையில் காலுறை கிடைக்காமலில்லை. மூணாற்றுக் கடைவீதியில் கட்டுக்கட்டாகத் தொங்குகிறது. அது எல்லார்க்கும் ஒரே அளவு. நாற்பது ஆண்டு சரிவில் ஏறி இறங்கிய பாதம் அந்த அளவுக்கு அடங்குமா? விரல்கள் அகன்று, குதிகால் வெடித்துப் பாளம் பாளமாயிருக்கும். இயந்திரக் காலுறையின் இறுகிய விளிம்பு கெண்டைக்காலில் வளையம் பதிக்கும். அதன் மெல்லிய இழை வெடிப்பில் மாட்டிக் கிழியும். ஆகவே நம் மனைவியார் ஒரு நூலைக் கொண்டு தம் தாயாரின் காலை அளப்பார். பாதத்தின் நீளம் ஒன்று, புறங்காலைச் சுற்றி ஒன்று, கணுக்காலைச் சுற்றி ஒன்று, மூன்று முடிச்சு. அந்த முடிச்சு நூல்தான் அளவுப் புத்தகம். தையல் பெட்டியில் எல்லார் கால்களும் இப்படி முடிச்சு முடிச்சாகக் கிடக்கின்றன.

ஊசி எது என்று கேட்பீர்கள். மிதிவண்டிச் சக்கரத்தின் கம்பி! அதை அளவாக வெட்டி, இரு முனையையும் கல்லில் தேய்த்து வழவழப்பாக்கிக்கொண்டால் காலுறைக்கு அதைவிடச் சிறந்த ஊசி இல்லை. இது மனைவியாரின் பாட்டியார் காட்டிய வழி. அவர் துரை பங்களாவில் ஆயாவாயிருந்தவர். துரைசாணியின் கையைப் பார்த்தே பின்னலைக் கற்றவர். கம்பி நான்கு வேண்டும். மூன்றில் இருபது இருபதாக அறுபது கண்ணிகளை ஏற்றி முக்கோணமாக நிறுத்தி, நான்காவதால் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போகவேண்டும். கணுக்காலுக்கு மேலே இரண்டு கண்ணி நேராகவும் இரண்டு கண்ணி மறித்தும் போட்டால் அது இழுத்தால் விரிந்து விட்டால் சுருங்கும்; கயிறும் வேண்டா, ரப்பரும் வேண்டா. குதிகால்தான் சோதனை. பாதிக் கண்ணிகளை, அதாவது முப்பதை மட்டும் தனியே முன்னும் பின்னுமாகப் பின்னி, ஒரு சிறு கிண்ணம் போலக் குழித்து, பிறகு விட்ட பாதியோடு சேர்க்க வேண்டும். எழுத்தில் சொன்னால் விளங்காது. கையில் பார்த்தால் ஒரு மாலையில் விளங்கிவிடும். ஒரு கண்ணி நழுவினாலோ, ஏணிபோல் அடிவரை இறங்கிவிடும். நமக்குக் கணக்குப் பார்க்கும் பழக்கம் உண்டாகையால் ஒருநாள் எண்ணிப் பார்த்தோம். ஓர் இணைக்கு 15,000 கண்ணிகளுக்குக் குறையாது.

மலையில் எல்லாரும் அணிவது வாரிட்ட செருப்பு. சாதாரணக் காலுறையுடன் அதில் கால் நுழையாது. எனவே பெருவிரலுக்குத் தனி உறை, மற்ற நான்குக்கும் சேர்த்து ஓர் உறை எனப் பிரித்துப் பின்னுவார்கள். இதை ஏதோ நம் நாட்டுச் சிக்கன ஏற்பாடு என்றே எண்ணியிருந்தோம். இலண்டனில் உள்ள விக்டோரியா - ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் செந்நிறக் கம்பளிக் காலுறை ஓர் இணை இருக்கிறது, எகிப்து நாட்டில் மண்ணுள் கிடைத்தது, கி.பி. 250-க்கும் 420-க்கும் இடைப்பட்ட காலத்தது. அதுவும் செருப்பு வாருக்காக விரல் பிரிந்தது! ஒற்றை ஊசியால் முடைந்தது என்பதே வேறுபாடு. பாலைவனத்தார்க்கும் பாதம் குளிர்ந்திருக்கிறது.

கம்பளிக் காலுறை வீட்டுக்கும் இரவுக்கும் உரியது. மழைக்காலத்தில் கொழுந்துக் காட்டுக்கு உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அட்டை விடுமா? பின்னிய துணி முழுதும் கண்ணிதான். அந்தக் கண்ணிக்குள் அட்டை நூலிழையாய் மெலிந்து நுழைந்துவிடும். அதற்கு நெருக்கி நெய்த துணியால் தைத்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டும் உறையே ஏற்றது. அதுவும் இல்லாதார்க்கு இருக்கவே இருக்கின்றன உப்பும் புகையிலையும்.

இனி நூல். கடைகளில் கம்பளி என்று தரும் உருண்டைகளுள் பல கம்பளியே அல்ல. அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. ஒரு சிறு துண்டைத் தீயில் காட்டினால் உண்மை வெளிப்படும். கம்பளி மயிர் பொசுங்கும் நாற்றத்துடன் கருகிப் பொடியாகும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாகும். செயற்கை நூலை நாம் பழிக்கவில்லை. குழந்தைகளுக்கு அதுவே நல்லது. எப்படித் துவைத்தாலும் தாங்கும். கம்பளியோ வெந்நீர் கண்டால் சுருங்கும். நம் மைத்துனர் ஒருமுறை தம் காலுறையை வெந்நீரில் ஊறவைத்துச் சவர்க்காரம் போட்டுக் கும்மிவிட்டார். அது அவருடைய நான்கு வயது மகளுக்கு அளவாயிற்று. ஆனால் முதியோர்க்கு உண்மைக் கம்பளிதான் வேண்டும். ஈரத்தை உள்ளிழுத்துக்கொண்டும் அது சூடு தரும். செயற்கை இழையில் வேர்வை தங்கிச் சில்லிடும்.

அந்த உண்மைக் கம்பளிக்கு நாம் அலைவதை நினைத்தால் சில வேளை சினமே வருகிறது. நூல் உருண்டைகள் பஞ்சாபின் லூதியானாவிலிருந்து நாட்டின் நெடுக்கைக் கடந்து வருகின்றன. நம் தமிழர் உழுது பூண்டும் உருளைக்கிழங்கும் விளைக்கும் வட்டவடைக்குக் கிழக்கே, மலைமுகட்டுக்கு அப்பால், கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர் இருக்கிறது. மத்திய ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல நிலையம் அங்கே 1965 முதல் உள்ளது. பாரத் மெரினோ என்னும் நுண்மயிர் ஆட்டினத்தை வளர்க்கிறார்கள். பச்சைப் புல்மேட்டில் அந்த ஆடுகள் மேய்வதை நாமே கண்டிருக்கிறோம். ஆயின், அவ்வாட்டின் மயிர் நூலாகித் தேவிகுளத்து லயத்துப் பெண் கைக்கு வந்ததை இதுவரை கண்டோமில்லை. காட்டின் ஊடே சென்ற பழைய கொடைக்கானல் - மூணாறு சாலையும் வாகனங்களுக்கு அடைபட்டுக் கிடக்கிறது. தேனி வழியாகச் சுற்றித்தான் போகவேண்டும்.

பின்னல் தொழிலில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589-இல் காலுறை பின்னும் பொறியை அமைத்தார்; கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகள் கெடுவார்களே என்று அரசி அதற்கு உரிமை தர மறுத்ததாகச் சொல்வர். அந்தப் பொறியின் வழிவந்தவை இன்று நம் திருப்பூரில் இரவு பகலாகச் சுழல்கின்றன. லயத்துப் பிள்ளைகள் பலர் கொழுந்துக் கூடையை விட்டுத் திருப்பூருக்குத்தான் இறங்குகிறார்கள். நம் மைத்துனரின் மூத்த மகன் அங்கே ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவன் பொறி ஒரு மணியில் விடும் கண்ணிகளை அவன் அத்தை ஆயுள் முழுதும் பின்னினாலும் எட்டமாட்டார். பொங்கலுக்கு வரும்போது பாட்டிக்குக் கம்பெனிச் சட்டை கொண்டுவருவான். காலுறை மட்டும், "அத்தை பின்னியதுதான் பாட்டிக்குச் சேரும்" என்று விட்டுவிடுவான்.

அந்தப் பாட்டிக்கு, அதாவது நம் அத்தைக்கு, வரும் வைகாசியோடு வேலை முடிகிறது. மாமனார் முன்னரே காலமானார். மைத்துனர் மூணாற்றில் சீப்பு ஓட்டுபவர். தோட்டத்தில் பெயர் இல்லை. பெயர் இல்லாத குடும்பம் லயத்தைக் காலி செய்ய வேண்டும். நாற்பது ஆண்டு விளக்கேற்றிய வீடு. கயத்தாற்றுப் பக்கம் பூர்வீக ஊரில் ஒரு பழைய சுவரும் அரைக்காணி வானம்பார்த்த நிலமும் உண்டு, கூரை இல்லை. நம்மோடு பாலக்காட்டில் இருக்க வருமாறு வேண்டினோம். "மகள் வீட்டில் எத்தனை நாள் இருப்பது, மாப்பிள்ளை?" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

இச்செய்தி கடிதத்தில் வந்தபோது மனைவியார் கையில் இவ்வாண்டுக் காலுறையின் இரண்டாவது குதிகால் இருந்தது. கயத்தாறும் வெயில், பாலக்காடும் வெயில். இதை முடித்து என்ன பயன் என்று நாம் கேட்கவில்லை, அவரும் நிறுத்தவில்லை. மார்கழி 20-இல் கொண்டுபோய்க் கொடுத்தோம். அத்தை அதைக் கையில் வைத்துப் புரட்டி, "ஏட்டி, கரிசக்காட்டு வெயிலிலே இதைப் போட்டுக்கிட்டு நான் எங்கே போவேன்?" என்று சிரித்தார். சிரித்தபடியே அணிந்துகொண்டார். அன்றிரவும் பனி கடுமைதான்.

மறுநாள் மாலை பக்கத்து வீட்டுச் சிறுமி, ஒன்பதாம் வகுப்பு மாணவி, திண்ணைக்கு வந்து அந்த விரல் பிரிந்த காலுறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தாயாரும் கொழுந்துக்காரர். வேலை முடிய இன்னும் பல ஆண்டுகள் உள்ளன. அத்தை அவளை அருகே அமர்த்தி, "உங்க அம்மா காலை நூலால் அளந்து கொண்டுவா" என்றார். அளவு வந்தது. மனைவியார் மிஞ்சிய அரக்கு நூலில் அறுபது கண்ணி ஏற்றித் தந்தார். நாங்கள் புறப்படும் நாளன்று அவள் நான்கு விரற்கடை பின்னியிருந்தாள். இரண்டு இடத்தில் ஏணி இறங்கியிருந்தது. அத்தை அதைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

கம்பிகள் அங்கேயே தங்கிவிட்டன. உடுமலையில் பேருந்து மாறும்போது ஒரு சைக்கிள் கடையில் புதிதாக நான்கு வாங்கிக்கொண்டு வந்தோம்.