தங்கலையா?

“ஏளா, இந்த மாசமும் தங்கலையா?”

கல்யாணமான முதல் ஆறு வருடம் தருவைகுளத்தில் என் மாமி மாதம் தவறாமல் கேட்ட கேள்வி இது. அவர்கள் கொடுமைக்காரி இல்லை. கேட்டுவிட்டு, எனக்கென்று எடுத்துவைத்த மீன் துண்டைத் தட்டில் வைப்பார்கள். வகுப்பில் சொற்களின் வேரைத் தோண்டுகிற நான் அந்த ஒரு வினைச்சொல்லின் முன்னால் வாயடைத்துப்போவேன்.

சோதனைக் குழாயில் உருவான கருவை இரண்டு முறை உள்ளே வைத்தும் பதியவில்லை. “உங்கள் கருப்பை ஏற்கவில்லை” என்றார் மருத்துவர். ஏற்பது என்றால் என்ன என்று அதன்பிறகுதான் படிக்கத் தொடங்கினேன்.

மாதச் சுழற்சியின் முற்பாதியில் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உள்சவ்வைத் தடிக்க வைக்கிறது. பின்னால் வரும் புரோஜெஸ்டிரோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிப் புரதங்களையும் அங்கே பெருக்குகிறது. முட்டை வெளிவந்ததும் புரோஜெஸ்டிரோன் சவ்வின் வளர்ச்சியை நிறுத்தி, அதன் சுரப்பிகளைப் புதிய புரதங்கள் செய்ய வைக்கிறது. 28 நாள் சுழற்சியில் ஏறக்குறைய 20 முதல் 24ஆம் நாள் வரைதான் கரு பதிய முடியும். அப்போது இன்டெக்ரின் என்ற புரதம் கரு பற்றிக்கொள்ள உதவுகிறது. கிளைக்கோடெலின், பாதி அந்நியமான அந்தக் கருவைத் தாயின் எதிர்ப்பு அணுக்களிடமிருந்து காக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அஞ்சலி கரண்டேயின் குழு, இப்புரதம் டி செல்களை மடியச் செய்வதை 2001இல் காட்டியது. கரு வராவிட்டால் புரோஜெஸ்டிரோன் இறங்குகிறது. சவ்வைச் சிதைக்கும் நொதிகள் எழுகின்றன. நாம் தீட்டு என்று ஒதுக்கி வைக்கும் ரத்தம் இதுதான்.

இத்தனையும் சரியாக நடந்தாலும், கருவின் குரோமோசோமில் பிழை இருந்தால் பதியாமல் போகலாம். அந்தக் குரோமோசோம்களில் பாதி ஆணுடையது.

எங்கள் ஊர் ஆண்கள் தங்குகடல் போகிறவர்கள். பல நாள் கிடந்து வெறும் வள்ளத்தோடு திரும்பினால், “கடல்ல மீன் இல்ல” என்பார்கள். நீரோட்டம், காற்று, நிலவு என்று காரணங்கள் அடுக்கப்படும். யாரும் அந்த ஆணை மலடன் என்று சொல்வதில்லை. எனக்கு மட்டும் ஏன் ஒரு காரணமும் இல்லாமல் போனது?

ஒருநாள் இதையெல்லாம் மாமியிடம் சொன்னேன். சூலாயுதம்போல் பிடித்திருந்த அரிவாள்மனையைக் கீழே வைத்தார்கள்.

“எனக்கும் ரெண்டு தங்கலளா. யார்கிட்ட சொல்ல?”

அதன்பிறகு அவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.